பின்பக்கம் ஒரு அறை கூட்டிக் கட்ட: கல்லுக்கட்டோ, தூணோ? எந்த அத்திவாரம்?

கொக்குவிலான்

வீடு யாழ்ப்பாணம் கொக்குவிலில. 1970களில கட்டினது, சீமெந்துக்கல் சுவர், ஓட்டுக்கூரை. குசினிக்குப் பின்னால வடக்குப் பக்கம் 12க்கு 14 அடியில ஒரு அறை கூட்டோணும். வடமேற்கு மூலையில இருந்து கிணறு 16 அடி. இப்போதைக்கு ஓடுதான். பிறகு கொங்கிறீட் தட்டு அடிச்சு மேல இன்னொரு அறை எடுக்கவும் கூடும்.

ஒரு மேசன் கல்லுக்கட்டு அத்திவாரம் காணும் எண்டுறார். மற்றவர் நாலு தூண் இறக்காமல் கையே வைக்கமாட்டாராம். அத்திவார வேலைக்கு மட்டும் ரெண்டு பேரின்ர கணக்கிலயும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். எதை எடுக்கிறது?

தூக்குக்குண்டு

ரெண்டு பேரும் நிலத்தைக் கிண்டிப் பார்க்காமல் சொல்லியிருக்கினம் எண்டுதான் விளங்குது. முதல் மூண்டு குழி வெட்டுங்கோ, கதை பிறகு.

முதல் குழி பழைய சுவரோட ஒட்டி. 2க்கு 3 அடி காணும். சுவரின்ர நடுப்பகுதியில வெட்டுங்கோ, மூலையில வேண்டாம், ரெண்டு சுவரின்ர பாரமும் வந்து சேருற இடம் அது. பழைய அத்திவாரத்தின்ர அடி தெரியுமட்டும் போகோணும், அதுக்குக் கீழ கையாலயும் தோண்டவேண்டாம். பக்கத்தில ஒரு சின்னத் துளை போட்டுக் கீழ என்ன கிடக்கெண்டு பாருங்கோ. எழுதவேண்டியது: நில மட்டத்தில இருந்து அடி எத்தினை அடி ஆழம், சுவரை விட எத்தினை அங்குலம் வெளிய தள்ளி நிக்குது, சீமெந்துச் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ, கீழ மண்ணோ பாறையோ.

மற்ற ரெண்டு குழியும் புது அறையின்ர தூர மூலை ரெண்டிலயும். பாறை தட்டுமட்டும், இல்லாட்டி 5 அடி மட்டும்.

தனி வீடு கட்டுறதுக்கும் கூட்டிக் கட்டுறதுக்கும் வித்தியாசம் இதுதான். பழைய வீடு ஐம்பது வருசமா இறங்கவேண்டியதெல்லாம் இறங்கி முடிஞ்சுது. புதுசு இனித்தான் இறங்கப்போகுது. அரை அங்குலம் இறங்கினாலும் வெடிப்பு அந்தப் பொருத்தில வரும். புது அத்திவாரம் பாரத்தைத் தாங்குமோ எண்டதை விட, பழையதோட ஒத்து இருக்குமோ எண்டதுதான் கேள்வி.

அலவாங்கு

மேல சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். எங்கட வலிகாமப் பக்கத்தில செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல் ஒரே மட்டத்தில கிடக்கிறேல்ல. ஒரு மூலையில 1 அடியில பாறை முட்டும், 15 அடி தள்ளி 5 அடிக்கும் மண்தான் வரும். "அண்ணை, பாறை வந்திட்டுது, இனிப் பயமில்லை" எண்டு மேசன்மார் சந்தோசப்படுற இடத்திலதான் வில்லங்கமே. அறையின்ர பாதி பாறையிலயும் பாதி மண்ணிலயும் நிண்டால், மண்ணில நிக்கிற பாதி மட்டும் இறங்கும். யன்னல் மூலையில சரிவா ஒரு வெடிப்பு ஓடும். பாறை நல்லம், மண்ணும் நல்லம், கலந்து நிக்கிறதுதான் கூடாது.

அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, எல்லாத்தையும் பாறைக்கு இறக்கிறது. ஆழம் கூடின இடத்தில 1:3:6 (சீமெந்து, மணல், கல்லு) கொங்கிறீட்டில பெரிய கல்லையும் போட்டு நிரப்பிக் கொண்டு வரலாம். மற்றது, பாறை மேல வந்து நிக்கிற இடத்தை 6 அங்குலம் கொத்தி இறக்கி, மணல் போட்டு இறுக்கி, முழு அத்திவாரத்தையும் ஒரே மாதிரி மெத்தையில இருத்திறது. இதுக்கு மேல பிளின்த் பீம், அதாவது சுவருக்குக் கீழ ஓடுற கம்பி போட்ட கொங்கிறீட் பீம், கட்டாயம் வரோணும். பாறை 4, 5 அடிக்குள்ள கிடைச்சால் முதலாவதைத்தான் நான் எடுப்பன்.

இன்னொண்டு, பொந்து. எங்கட கல்லு தண்ணியில கரையிற கல்லு. நிலாவரைக் கிணத்தை எல்லாரும் போய்ப் பார்த்திருப்பம், அதின்ர சின்னப் பிள்ளையள் ஊரெல்லாம் நிலத்துக்குக் கீழ கிடக்கு. பாறை தெரிஞ்சோடன அலவாங்கால குத்திச் சத்தத்தைக் கேளுங்கோ. "ணங்" எண்டால் சரி. "தொம்" எண்டால் ஹமர் ட்றில்லால 3 அடி நீள ஊசியை விட்டுப் பாருங்கோ. ஊசி திடீரெண்டு உள்ளுக்குப் போனால் மேல இருக்கிற பாறையை உடைச்சுத் திறந்து, கல்லும் கொங்கிறீட்டும் போட்டு நிரப்போணும். மூடிப்போட்டு மேல கட்டுறது முட்டைக்கோதில கால் வைக்கிற மாதிரி.

மூலைமட்டம்

குழி வெட்டேக்க நிரப்பின மண்ணோ எண்டும் பாருங்கோ. பின்வளவெண்டால் பழைய கக்கூஸ் குழி, குப்பைக்கிடங்கு, தறிச்ச பனையின்ர குத்தி உக்கின இடம், எண்பதுகள் தொண்ணூறுகளில வெட்டி மூடின பங்கர் எல்லாம் அங்கதான். நிறம் மாறின மண், ஓட்டுத்துண்டு, சாம்பல், தகரம் கண்டால் அது இயற்கை நிலம் இல்லை. எத்தினை வருசம் கிடந்தாலும் அதின்ர மேல அத்திவாரம் வைக்கேலாது, முழுக்க எடுக்கோணும்.

கறள் பிடிச்ச இரும்பு உருளை வடிவாக் கிடந்தால் வெடிக்காத குண்டாவும் இருக்கலாம், மண்வெட்டியை வைச்சிட்டு பொலிசுக்கு, 119க்கு எடுங்கோ. தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கொக்குவிலான்

சரி, சனிக்கிழமை குழி வெட்டுறம். பாரக் கணக்கு எப்பிடி எண்டும் ஒருக்காச் சொல்லுவியளோ? கல்லுக்கட்டு மேல்மாடியைத் தாங்காது எண்டு ரெண்டாவது மேசன் அடிச்சுச் சொல்லுறார்.

தூக்குக்குண்டு

சுவரின்ர ஒரு அடி நீளத்துக்குப் பார்ப்பம்.

6 அங்குலக் கல்லுச் சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு, 10 அடி உயரம்: கிட்டத்தட்ட 340 கிலோ. ஓட்டுக்கூரையில இருந்து 60 கிலோ. 18 அங்குல அகலம், 3½ அடி உயரத்தில கல்லுக்கட்டு: 340 கிலோ. அத்திவாரம் சுவரின்ர பாரத்துக்குச் சமம், இதை ஆரும் கணக்கில எடுக்கிறேல்ல. அடிக் கொங்கிறீட்டும் பிளின்த் பீமும் 70. மொத்தம் 810 கிலோ. அடி அகலம் 2 அடி எண்டால் ஒரு சதுர அடி நிலத்தில 400 கிலோ சொச்சம்.

நல்ல இறுகின செம்மண் சதுர அடிக்கு ஒரு தொன் தாங்கும். மேல்மாடி இல்லாத அறைக்கு இது தாராளம்.

ஓட்டுக்கூரையை எடுத்திட்டு ரெண்டு தட்டும் மேல்சுவரும் போட்டால் அடிக்கு 1,770 கிலோ, சதுர அடிக்கு 885. மண் நல்லதெண்டால் இதுவும் தாங்கும், ஆனால் கைகாவல் இல்லை. ஆகவே "தாங்காது" எண்டுறது பிழை. ஆனால் ஆளின்ர முடிவில ஒரு நியாயம் இருக்கு. கல்லுக்கட்டில ஓட்டு வீடு கட்டிப்போட்டுப் பத்து வருசத்தால அதே சுவருக்குள்ள தூண் இறக்கிறது வீட்டை உடைச்சுக் கட்டிற செலவு. மேல எடுக்கிற எண்ணம் உண்மையாவே இருந்தால் இப்பவே தூண். சும்மா "பிறகு பார்ப்பம்" எண்டால் கல்லுக்கட்டு.

அரியாலையூர்

இடையில புகுறதுக்கு மன்னிக்கோணும். எங்கட காணி கடனீரேரிப் பக்கம், தாழ்வு. போன வருசம் 3 அடிக்கு மண் பறிச்சு உயர்த்தினது. கீழ சாம்பல் நிறக் களி. கார்த்திகையில 2 அடியில தண்ணி. இதில ஒரு அறை கூட்டலாமோ?

ரசமட்டம்

ஏலும், ஆனால் கல்லுக்கட்டை மறந்திடுங்கோ.

நீங்கள் பறிச்ச 3 அடி மண்ணே சதுர அடிக்கு 150 கிலோ பாரம். அதாவது ஒரு அறையை விரிச்சு அந்த நிலம் முழுக்க வைச்ச மாதிரி. கீழ இருக்கிற களி இப்பவும் அந்தப் பாரத்தில தண்ணியை வெளிய விட்டு விட்டு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மண் பறிச்சு ஒரு மாரியாவது கழியவேணும், ரெண்டெண்டால் இன்னும் நல்லம்.

அதுக்குப் பிறகு முழுத்தளம், ராஃப்ற். அறைக்கு 6 அங்குலத் தட்டு, சுற்றுவர சுவருக்குக் கீழ 12 அங்குல அகலம், 18 அங்குல ஆழத்தில பீம், எல்லாம் ஒரே நாளில ஒரே வார்ப்பு. கம்பி 10 மில்லிமீற்றர், ரெண்டு திசையும் 6 அங்குலத்துக்கு ஒண்டு, மேலயும் கீழயும் ரெண்டு வலை. சுவர், கூரை, தளம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 160 கிலோ அளவுதான் நிலத்தில இறங்கும், கல்லுக்கட்டில வாறதின்ர பாதிக்கும் குறைவு. இறங்கினாலும் முழு அறையும் ஒரு தட்டு மாதிரிச் சேர்ந்து இறங்கும், சுவர் வெடிக்காது.

உங்கட இடத்தில கம்பியைத் தின்னுறது உப்பு. கலவை 1:1½:3க்குக் குறையக்கூடாது. கீழ 2 அங்குல அடிக் கொங்கிறீட், அதுக்கு மேல 1000 கேஜ் பொலித்தீன், பிறகுதான் கம்பி. கம்பிக்குக் கீழ 2 அங்குலம் கொங்கிறீட் மூடோணும். அதுக்குக் கல்லுத்துண்டோ ஓட்டுத்துண்டோ முட்டுக் குடுக்காமல் முதல் நாளே சீமெந்துச் சாந்தில சின்னக் கட்டியள் வார்த்து வையுங்கோ. வளவுக் கிணத்துத் தண்ணி நாக்கில உவர்த்தால் அதில கலவை குழைக்கவேண்டாம், பவுசரில நல்ல தண்ணி எடுங்கோ. கழுவாத கடல் மணலும் ஆகாது.

பழைய வீட்டோட கம்பியால இணைக்கவே கூடாது. 1 அங்குல இடைவெளி.

மூலைமட்டம்

கடைசி வசனத்தில எனக்கொரு மாறுபாடு, அரியாலைக்கு இல்லை, கொக்குவிலுக்கு. பழைய சுவரில 2 அடிக்கொண்டா 12 மில்லிமீற்றர் கம்பி துளைச்சு ஏத்தி, புதுச்சுவரோட சேர்த்துக் கட்டினால் வெடிப்பு வராமல் பிடிக்கும் எண்டுதானே கனபேர் செய்யினம்?

தூக்குக்குண்டு

கனபேர் செய்யினம், கனபேருக்கு வெடிக்குது.

அந்தக் கம்பி புது அறை இறங்குறதைத் தடுக்காது. 20 தொன்னுக்கு மேல உள்ள அறையை நாலு ஊசியில தொங்கவிடேலாது. கம்பி பிடிச்சால் வெடிப்பு பொருத்தை விட்டிட்டுப் பழைய சுவருக்குள்ள போகும், அவ்வளவுதான். பழைய சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமெண்டால் கம்பி உள்ளுக்குப் பிடிக்கவே பிடிக்காது, துளைக்கேக்கையே பொருபொருவெண்டு கொட்டும்.

ரெண்டு பக்கமும் பாறையில நிண்டால் இணைக்கலாம், பிழையில்லை. ஆனால் இடைவெளி விடுறதுக்குச் செலவு ஒரு றெஜிபோம் (வெள்ளை நுரை) தகடுதானே. 1 அங்குலத் தகட்டைப் பழைய சுவரோட ஒட்டி வைச்சு, அத்திவாரத்தில இருந்து கூரை மட்டும் அதே கோட்டில விடுங்கோ. கட்டி முடிய வெளிப்பக்கம் அரை அங்குலம் சுரண்டி எடுத்திட்டு சீலன்ற் அடைக்கலாம். பூச்சுக்காரர் அந்த இடைவெளிக்கு மேலால சாந்து இழுத்து மூடிப்போடுவினம், "வடிவில்லை" எண்டு. விடாதேங்கோ, அடுத்த தைக்கு அந்த இடத்தில தலைமயிர் மாதிரி ஒரு கோடு நிக்கும்.

பழைய வீட்டுக்கும் புது அறைக்கும் போய்வாற வாசலில இன்னும் கவனம். தரை ஓடு அந்தக் கோட்டைக் கடந்து பதிச்சால் ஓடு உடையும். ஓட்டின்ர விளிம்பு சரியா பொருத்துக்கு மேல வரவேணும், நிலையின்ர கீழ்ச்சட்டமோ அலுமினியப் பட்டியோ ஒரு பக்கத்தில மட்டும் பூட்டி மூடுங்கோ.

புதுக்கூரையின்ர வளையைப் பழைய சுவரில துளைச்சு ஏத்தவும் வேண்டாம். புது அறை தன்ர காலில நிக்கட்டும்.

அலவாங்கு

அப்ப பழைய வீட்டுப் பக்கம் தூண் எங்க வரும்? அதையும் சொல்லுங்கோ, கனபேர் பிழைவிடுற இடம்.

தூக்குக்குண்டு

ஓம், மறந்துபோனன்.

தூணைப் பழைய சுவரோட ஒட்டி நிப்பாட்டினால் அதின்ர பூட்டிங் (தூணுக்குக் கீழ வாற அகலமான கொங்கிறீட் அடி) பாதி பழைய அத்திவாரத்துக்குள்ள போகோணும், போகேலாது. அப்ப மேசன் பூட்டிங்கை ஒரு பக்கமாத் தள்ளி, தூணை அதின்ர ஓரத்தில நிப்பாட்டுவார். ஓரத்தில பாரம் விழுந்தால் பூட்டிங் சரியும், கதிரையின்ர நுனியில இருக்கிற மாதிரி.

சரியான வழி தூணை வீட்டில இருந்து 2½, 3 அடி தள்ளிப் பூட்டிங்கின்ர நடுவில நிப்பாட்டி, பிளின்த் பீமைத் தூணுக்கு அப்பால் பழைய சுவர் மட்டும் கை நீட்டின மாதிரி நீட்டுறது. நுனியில அந்த 1 அங்குல இடைவெளி. நீட்டின பகுதிக்குப் பிரதான கம்பி மேல் பக்கம் வரவேணும், அது உள்ளுக்கும் நீட்டின நீளத்தைப் போல ரெண்டு மடங்கு ஓடவேணும். பழக்கதோசத்தில தடிச்ச கம்பியைக் கீழ போடுவினம். வார்க்கிறதுக்கு முதல் நீங்களே குனிஞ்சு பாருங்கோ.

ரசமட்டம்

கல்லுக்கட்டு எண்டு முடிவெடுக்கிற ஆக்களுக்குச் சாமான் கணக்கு, மூண்டு பக்கமும் சேர்த்து 40 அடி நீளத்துக்கு:

கிடங்கு 2 அடி அகலம், 2½ அடி ஆழம்: 2 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வெளிய வரும். அடிக் கொங்கிறீட் 3 அங்குலம், 1:3:6: சீமெந்து 3 பை. கல்லுக்கட்டு 18 அங்குலம், 3½ அடி உயரம்: 2.1 கியூப் கட்டு, அதுக்குக் கல்லு 2.6 கியூப் எடுக்கோணும். சாந்து 1:5, சீமெந்து 13 பை, மணல் முக்கால் கியூப். பிளின்த் பீம் 9க்கு 9: 1:1½:3 எண்டால் 5 பை, 12 மில்லிமீற்றரில 20 அடிக் கம்பி 10, 6 மில்லிமீற்றர் வளையம் 6 அங்குலத்துக்கு ஒண்டா 80.

கல்லுக்கட்டில பாருங்கோ: ரெண்டு பக்கமும் வடிவான கல்லை வைச்சு நடுவில சின்னக்கல்லையும் வெறும் மண்ணையும் கொட்டி மேல சாந்தால மெழுகிறது ஒரு பழைய வித்தை. 3 அடிக்கொண்டா ஒரு கல்லு குறுக்கால இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் மட்டும் போகோணும். மாலையில ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ. தண்ணி உடனே உள்ளுக்குப் போய் மறைஞ்சால் நடுவில வெற்றிடம்.

பீமுக்கு மேல டி.பி.சி, ஈரம் சுவரில ஏறாமல் தடுக்கிற படை: முக்கால் அங்குலம் 1:2 சாந்து, காய்ஞ்ச பிறகு சூடான தார் ரெண்டு தரம், மேல மணல் தூவல். பழைய வீட்டுத் தரையும் புதுத் தரையும் வேற வேற மட்டமெண்டால் தாரை அந்த உயரத்துக்குச் சுவரில செங்குத்தாவும் ஏத்துங்கோ. இல்லாட்டி அந்த நாலு விரல் உயரத்தாலதான் ஈரம் ஏறும், பூச்சு உப்புப் பூத்துக் கொட்டும்.

கொடிகாமத்தார்

எங்கட பக்கம் மணல். தாங்கிற சக்தி குறைவெண்டு பயப்பிடுறவை, தேவையில்லை. மணல் பக்கத்தால போகாமல் இருந்தால் நல்லாத் தாங்கும். வில்லங்கம் வெட்டேக்கதான். பழைய அத்திவாரத்தை விடக் கீழ கிடங்கு போனால் அடியில இருந்து மணல் சரசரவெண்டு வழியும், பழைய சுவர் அந்தரத்தில நிக்கும். பழைய அடியை விட ஆழமாப் போகவே வேண்டாம். போகத்தான் வேணுமெண்டால் எத்தினை அடி ஆழம் கூடுதோ அதின்ர ரெண்டு மடங்காவது தள்ளி நில்லுங்கோ. பக்கத்தால வெட்டேக்க 3 அடித் துண்டாய், ஒண்டு விட்டு ஒண்டு, வெட்டினதைக் கட்டி முடிச்சிட்டு மற்றதைத் தொடுங்கோ. முதல் நாள் தண்ணி விட்டு நனைச்சால் ஓரம் நிக்கும்.

மூலைமட்டம்

சில்லறை விசயங்கள், ஆனால் பிறகு கை கடிக்கும். கொக்குவிலெண்டால் நல்லூர் பிரதேச சபையில வரைபட அனுமதி முதல், கூட்டிக் கட்டுறதுக்கும் வேணும். தரைக்குக் கீழ மண் நிரப்பேக்க 6 அங்குலமாப் போட்டு ஈரமாக்கி இடியுங்கோ. செம்மண்ணைக் குளமாக்கித் தண்ணி கட்டினால் இறுகாது, மணல்தான் அப்பிடி இறுகும். கறையான் மருந்து அடிக்கிறதெண்டால் கிணறு 16 அடியில இருக்கிறதை ஞாபகம் வையுங்கோ, எங்கட கல்லு வடிகட்டாது, ஊத்தினது கிணத்துக்கே போகும். அளவாத் தெளிக்கிறது வேற, வாளியால ஊத்திறது வேற.

ரெண்டு கூரையும் சந்திக்கிற இடத்தில பீலி. அந்தத் தண்ணி பொருத்துக்குப் பக்கத்தில விழாமல் குழாயால தூர விடுங்கோ. 2008 நிஷா புயலோட வந்த மழையைக் கண்ட ஆக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

நாள் பார்த்துக் கல்லு வையுங்கோ, வேண்டாமெண்டேல்ல. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில நாள் குடுத்தால் ஐயாவிட்டத் தைக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேளுங்கோ.

கொக்குவிலான்

குழி வெட்டியாச்சு. பழைய அத்திவாரம் 2 அடி 3 அங்குல ஆழம், கல்லுக்கட்டு, சீமெந்துச் சாந்து, 6 அங்குலம் வெளிய நிக்குது. அதுக்குக் கீழ 4 அங்குலம் செம்மண், பிறகு பாறை. வடகிழக்கு மூலையில 2 அடி 6 அங்குலத்தில பாறை. வடமேற்கு, கிணத்துப் பக்கம்: 3 அடி மட்டும் சாம்பலும் ஓட்டுத்துண்டும் தகரமும், அலவாங்கு ஒரே குத்தில ஒரு அடி போகுது. பிறகு செம்மண், 4 அடி 4 அங்குலத்தில பாறை. மேல்மாடி எடுக்கிறதெண்டு வீட்டில முடிவு.

தூக்குக்குண்டு

அப்ப விடை வந்திட்டுது. நாலு தூண், நாலு பூட்டிங்கும் பாறையில. உங்கட முதலாவது மேசன் வடமேற்கு மூலையில 2½ அடியோட கல்லுக் கட்டியிருந்தால் குப்பைக்கிடங்குக்கு மேலதான் நிண்டிருக்கும்.

ஒரு தூணில 15 தொன் அளவு வரும். நல்ல பாறையில 3க்கு 3 அடி, 12 அங்குலத் தடிப்புக் காணும். மண்ணெண்டால் 4க்கு 4 கேட்டிருப்பன். நாலுக்கும் கொங்கிறீட் 36 கன அடி, 1:1½:3இல சீமெந்து 8 பை. கம்பி 12 மில்லிமீற்றர், திசைக்கு 6, பூட்டிங்குக்கு 12 துண்டு. மண்ணோட முட்டுற பக்கம் 3 அங்குலம் விட்டால் துண்டு 2½ அடி, ரெண்டு நுனியும் 6 அங்குலம் மடிக்க 3½ அடி. ஒரு 20 அடிக் கம்பியில 5 துண்டு, 48 துண்டுக்கு 10 கம்பி.

வீட்டுப் பக்க ரெண்டு குழியும் பழைய அடியை விட நாலே அங்குலம்தான் ஆழம், பயமில்லை. ஆனாலும் ஒரு நேரத்தில ஒண்டு, வெட்டின அண்டைக்கே கொங்கிறீட். வடமேற்கில கிடங்கு மண் முழுக்க வெளிய. பாறை சரிவா இருந்தால் படியாக் கொத்துங்கோ, கழுவுங்கோ, செம்மண் படை ஒட்டியிருக்கக்கூடாது.

பிளின்த் பீம் 14 அடி ஓடுறதால 9க்கு 15 அங்குலம் வரும். கம்பிக் கணக்கையும் தூணையும் எஞ்சினியர் ஒராள் போட்டுத் தரட்டும், மேல்மாடி வேலை இது.

அலவாங்கு

ஒவ்வொரு குழியிலயும் நாலு மூலையிலயும் ஊசி விட்டுப் பார்க்காமல் அடிக் கொங்கிறீட் போடாதேங்கோ. நாலு குழிக்கு பதினாறு துளை, ஒரு பின்னேர வேலை.

மூலைமட்டம்

எஞ்சினியர் வந்து பார்க்குமட்டும் அந்த மூண்டு குழியையும் மூடவேண்டாம். அளவுநாடாவைத் தொங்கவிட்டு ஒரு படமும் எடுத்து வையுங்கோ. மேல தகரமும் கல்லும் வைச்சு விடுங்கோ, இரவில மாடு விழும்.

கொக்குவிலான்

தகரம் போட்டாச்சு.